டிஎஸ் ஜெயித்ததா, பிஎஸ்பி ஜெயித்ததா? எந்த நாட்டில்?

கையடக்க கேம் கருவிகள் இரண்டைப் பற்றி ஒரு கேள்வி: நிண்டெண்டோவின் டிஎஸ், சோனியின் பிஎஸ்பி (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்). கேள்வி இதுதான்: "நான் பள்ளியில் படித்த நாட்களில் யார் கையில் பார்த்தாலும் பிஎஸ்பிதான். டிஎஸ் வைத்திருந்த ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் உலக விற்பனையில் டிஎஸ் இரண்டு மடங்கு என்கிறார்கள். ஜப்பானில் பிஎஸ்பிதான் ராஜா என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது உண்மை? நாடுவாரியாக இந்த இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?"

மொத்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அதில் சண்டை எதுவும் இல்லை. நிண்டெண்டோ டிஎஸ் குடும்பம் முழுக்கச் சேர்த்து 15.40 கோடி. பிஎஸ்பி 8 கோடிக்கு முன்பின். உலக அளவில் டிஎஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது சரி. நீங்கள் கண்ணால் பார்த்ததும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் சுவாரசியமான பகுதி. அதற்கு அந்த 15.40 கோடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நிண்டெண்டோ டிஎஸ் விற்பனையை மூன்றே மூன்று கட்டங்களில்தான் போட்டது: ஜப்பான், அமெரிக்கக் கண்டங்கள், மற்றவை. டிஎஸ்ஸுக்கு ஜப்பானில் 3.30 கோடி, அமெரிக்கக் கண்டங்களில் 5.99 கோடி, மற்றவையில் 6.11 கோடி. இந்த "மற்றவை" இருக்கிறதே, அது ஒரு பெரிய கோணிப்பை. ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், ஆஸ்திரேலியா, கொரியா எல்லாம் அதற்குள்தான். யாராவது "இந்த நாட்டில் டிஎஸ் இத்தனை விற்றது" என்று துல்லியமாக ஒரு எண்ணைச் சொன்னால், அது நிண்டெண்டோவின் இந்தப் பட்டியலில் இருந்து வந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் என்பிடி, ஜப்பானில் ஃபமிட்சுவும் மீடியா கிரியேட்டும், பிரிட்டனில் சார்ட்-டிராக் என்று கடைக் கணக்கெடுக்கும் அமைப்புகள் அப்போது தனியாக இருந்தன. அங்கிருந்து வந்த எண்ணாக இருக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிண்டெண்டோ சொல்வது கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை. ஃபமிட்சு சொல்வது கடையிலிருந்து வாடிக்கையாளர் வாங்கிப்போன எண்ணிக்கை. சோனி இன்னும் ஒரு படி முன்னால் போய், ஆரம்ப வருடங்களில் தயாரிப்புச் சங்கிலியிலிருந்து வெளியே போன எண்ணிக்கையையே சொல்லிக்கொண்டிருந்தது. 2007-08 நிதியாண்டில்தான் அந்த முறையை மாற்றி, விற்பனையாகப் பதிவானதை மட்டும் சொல்லத் தொடங்கியது. அதனால் 2005, 2006 ஆண்டுகளின் பிஎஸ்பி எண்ணை எடுத்து, அதே ஆண்டுகளின் டிஎஸ் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து "பாருங்கள், எவ்வளவு நெருக்கம்" என்று சொன்ன பழைய விவாதங்களை நம்பாதீர்கள். ஒன்று குடோனில் இருந்த மூட்டை, இன்னொன்று கடைக்குப் போன மூட்டை.

சரி, ஜப்பானுக்கு வருவோம். பிஎஸ்பி அங்கே கடைக் கணக்குப்படி 2 கோடியை ஒட்டி விற்றது. டிஎஸ் 3.30 கோடி. அதாவது பிஎஸ்பி ஒன்றுக்கு டிஎஸ் சுமார் 1.65. ஜப்பானைக் கழித்துவிட்டு மீதி உலகத்தைப் பார்த்தால் டிஎஸ் 12.10 கோடி, பிஎஸ்பி ஏறத்தாழ 6 கோடி. ஒன்றுக்கு இரண்டு. ஆக, "ஜப்பானில் பிஎஸ்பிதான் ராஜா" என்பது தவறு. டிஎஸ் அங்கேயும் தெளிவாக முன்னால்தான். பிஎஸ்பி மற்ற இடங்களைவிட அங்கே நன்றாகத் தாக்குப்பிடித்தது என்பது மட்டும் உண்மை.

ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, தலைக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ராஜா கதை எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். ஜப்பானின் மக்கள்தொகை அப்போது 12.7 கோடிச் சொச்சம். பிஎஸ்பி ஆறு பேருக்கு ஒன்று. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 34 கோடிச் சொச்சம் பேர். அமெரிக்கக் கண்டங்களில் விற்ற டிஎஸ் எல்லாவற்றையும் இந்த இரண்டு நாட்டுக்கே கொடுத்துவிட்டாலும், கிட்டத்தட்ட அதே ஆறு பேருக்கு ஒன்றுதான் வருகிறது. அதாவது ஜப்பானில் தோற்ற பிஎஸ்பி, வட அமெரிக்காவில் ஜெயித்த டிஎஸ் அளவுக்கு அடர்த்தியாக இருந்திருக்கிறது! டோக்கியோவில் ரயிலேறிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பி "அங்கே எல்லோரும் பிஎஸ்பிதான் ஆடுகிறார்கள்" என்று சொல்லியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. (ஜப்பானில் டிஎஸ் நான்கு பேருக்கு ஒன்று. ஆனால் டிஎஸ், அதன் அடுத்தடுத்த வடிவங்களான டிஎஸ் லைட், டிஎஸ்ஐ என்று ஒரே ஆள் இரண்டு மூன்று வாங்கிய வீடுகள் ஏராளம். இந்தக் கணக்கெல்லாம் கருவிகளுக்கு, மனிதர்களுக்கு அல்ல.)

ஏன் அங்கே மட்டும் இடைவெளி குறைந்தது? முதல் காரணம் சாதாரணமானது: விலை. 2004 டிசம்பரில் ஜப்பானில் டிஎஸ் 15,000 யென், பிஎஸ்பி வரியில்லாமல் 19,800 யென். கூடுதல் மூன்றில் ஒரு பங்குதான். அமெரிக்காவில் டிஎஸ் 150 டாலர், பிஎஸ்பி துணைப்பொருட்கள் சேர்ந்த பெட்டியாக 250 டாலர். நூறு டாலர் வித்தியாசம். பிரிட்டனில் இன்னும் மோசம், 100 பவுண்டுக்கு எதிராக 180 பவுண்டு. பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கப் போகும் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் போதும். என்பிடி கணக்கில் 2007 டிசம்பர் ஒரே மாதத்தில் அமெரிக்காவில் டிஎஸ் 24.7 லட்சம், பிஎஸ்பி 10.6 லட்சம். பிஎஸ்பிக்கு அது மோசமான மாதம் இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் விற்றும் பாதியைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

விலை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடவில்லை என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. 2005 செப்டம்பர் 1 அன்று அங்கே பிஎஸ்பி வெளியானபோது முதல் வார இறுதிக்குள் 1.85 லட்சம் போய்விட்டது. அது அந்த நாட்டில் அப்போதைய சாதனை. ஜப்பானுக்குப் பிறகு ஒன்பது மாதம் காத்திருந்த கூட்டம் அது. தொடக்கம் பிரமாதம். தொடர்ந்து ஓடத்தான் ஆளில்லை.

இரண்டாவது காரணம் ஒரு விளையாட்டு. ஜப்பானில் பிஎஸ்பியைத் தூக்கி நிறுத்தியது மான்ஸ்டர் ஹன்ட்டர் என்ற ஒரே ஒரு தொடர் என்று சொன்னால் மிகையில்லை. நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியில்லா இணைப்பில் சேர்ந்து ஒரு ராட்சத விலங்கை வேட்டையாடும் ஆட்டம். இது எங்கே எடுபடும் என்று யோசியுங்கள். பள்ளி முடிந்து எல்லோரும் ஒரே ரயிலில் போகிற ஊரில், பர்கர் கடை மேசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் விரட்டாத ஊரில், வேலைக்குப் போகிறவரும் பையில் கருவியை வைத்திருக்கிற ஊரில் எடுபடும். அமெரிக்கப் புறநகரில் நண்பன் வீட்டுக்குப் போகவே அம்மா கார் எடுக்க வேண்டும். அங்கே நான்கு பேரை ஒரே மேசைக்கு எப்படிக் கொண்டுவருவது? 2008 மார்ச்சில் 'மான்ஸ்டர் ஹன்ட்டர் போர்ட்டபிள் 2ஜி' வந்தபோது ஜப்பானில் பல வாரங்களுக்கு பிஎஸ்பி டிஎஸ்ஸையே முந்தியது. 2010 டிசம்பரில் வந்த 'போர்ட்டபிள் 3' மொத்தம் 49 லட்சம் விற்றது. அதை ஆங்கிலத்தில் பிஎஸ்பிக்குக் கொண்டுவரவே இல்லை. அதைத் தயாரித்த கேப்காம் நிறுவனம் போட்ட கணக்கு அப்படி: மேற்கே ஆட ஆளில்லை.

டிஎஸ் பக்கமும் இதே கதை உண்டு. 2009 ஜூலையில் வந்த 'டிராகன் குவெஸ்ட் 9' உலகம் முழுக்க 53 லட்சம் விற்றது, அதில் 40 லட்சத்துக்கும் மேல் ஜப்பானில் மட்டும். டிஎஸ்ஸை மூடிப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாலே போதும், எதிரே வருகிறவரின் டிஎஸ்ஸோடு அது தானாகப் பேசிப் புதையல் வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ளும். டோக்கியோவின் மின்னணுக் கடைவீதியான அகிஹபாராவில் இதற்காகவே கூட்டம் கூடியது. கூட்டம் கூடுகிற ஊருக்கான வசதி இது. வயல்வெளி நடுவே ஒற்றை வீட்டில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

இப்போது எல்லோரும் கவனிக்காமல் விடும் பகுதிக்கு வருகிறேன். என் கணிப்பில் டிஎஸ்ஸின் உண்மையான வெற்றி ஜப்பானிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. அதைப் பார்க்க, அதற்கு முந்தைய கேம் பாய் அட்வான்ஸோடு ஒப்பிட வேண்டும். அது மொத்தம் 8.15 கோடி: ஜப்பான் 1.70, அமெரிக்கக் கண்டங்கள் 4.16, மற்றவை 2.29. பாதிக்கு மேல் அமெரிக்கா. அதாவது அட்வான்ஸ் காலத்தில் கையடக்க கேம் என்றால் அமெரிக்கச் சந்தை, மற்றதெல்லாம் துணைக்கு. டிஎஸ் வந்ததும் அமெரிக்காவில் விற்பனை 1.4 மடங்கு ஆனது. ஜப்பானில் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. "மற்றவை" கட்டத்தில் 2.7 மடங்கு! அந்தக் கோணிப்பை ஒரே தலைமுறையில் 2.29 கோடியிலிருந்து 6.11 கோடிக்கு வீங்கி, அமெரிக்காவையே தாண்டிவிட்டது. அந்தப் பையில் பெரும்பங்கு ஐரோப்பா.

ஐரோப்பாவில் யார் வாங்கினார்கள்? அதுவரை கேம் பக்கமே வராதவர்கள். டோஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூட்டா கவாஷிமாவின் பெயரில் 2005 மே மாதம் ஜப்பானில் வந்த மூளைப் பயிற்சி விளையாட்டு, கணக்குப் போடுவதும் எழுத்து வாசிப்பதுமாகத் தினம் பத்து நிமிடம். உலகம் முழுக்க 1.9 கோடி விற்றது. அதன் இரண்டாம் பாகம் கிட்டத்தட்ட 1.5 கோடி. அந்த இரண்டாம் பாகத்துக்கு ஐரோப்பிய விளம்பரத்தில் நடித்தவர் நிக்கோல் கிட்மன். நாற்பது வயதுப் பெண்மணியைக் குறிவைத்து ஒரு கேம் கருவியை விற்கலாம் என்று 2004இல் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நாய்க்குட்டி வளர்க்கும் 'நின்டென்டாக்ஸ்' 2.4 கோடி. இவற்றில் எதற்கும் பிஎஸ்பியிடம் பதில் இல்லை. பிஎஸ்பி தன்னைக் கையடக்க பிளேஸ்டேஷன் என்றே விற்றுக்கொண்டது. ஏற்கெனவே பிளேஸ்டேஷன் வைத்திருந்த இளைஞனிடம் போய்ச் சேர்ந்தது, அவன் அம்மாவிடம் சேரவில்லை.

கொரியா தனிக் கதை. நிண்டெண்டோவின் கொரியக் கிளை 2007 ஜனவரியில் டிஎஸ் லைட்டைக் கொரிய மொழியில் இறக்கியது. நடிகர் ஜாங் டோங்-கன் விளம்பரத்தில். அதுவரை கணினி கேம் கடைகளே கதி என்று இருந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் கையெல்லாம் டிஎஸ். 2009 பிப்ரவரியில் அந்நாட்டு அதிபர் லீ மியுங்-பாக் ஒரு கூட்டத்தில், நிண்டெண்டோ கருவி மாதிரி ஒன்றை நம் நாட்டில் ஏன் செய்ய முடியவில்லை என்று கேட்டார். அவர் பெயரையும் நிண்டெண்டோவையும் ஒட்டவைத்து "மியுங்டெண்டோ" என்று இணையத்தில் கேலி செய்தே தீர்த்துவிட்டார்கள். ஒரு நாட்டு அதிபரின் வாயில் வரும் அளவுக்கு விற்ற கருவி, நிண்டெண்டோ பட்டியலில் "மற்றவை"க்குள் அடையாளம் தெரியாமல் கரைந்து கிடக்கிறது.

கொரியாவைச் சொன்னால் ஆர்4 அட்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. டிஎஸ்ஸில் செருகினால் இணையத்தில் இறக்கிய கேம்கள் எல்லாம் ஓடும். பிஎஸ்பிக்கு அதுகூட வேண்டாம், மாற்று ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) போட்டு மெமரி ஸ்டிக்கில் கேமைக் கொட்டினால் முடிந்தது. டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2009இல் ஆர்4 விற்பனையைத் தடுத்தது, பிரிட்டன் உயர் நீதிமன்றம் 2010இல். திருட்டு நகல் கருவி விற்பனையைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும். குறைவது கேம் விற்பனை. கேம் விற்காத நாட்டுக்கு அடுத்த கேமைக் கொண்டுவர நிறுவனங்கள் யோசிக்கும், கேம் வராத கருவியைப் பிறகு யாரும் வாங்க மாட்டார்கள். மேற்கு நாடுகளில் பிஎஸ்பி கடைசி வருடங்களில் காய்ந்துபோனதற்கு இந்தச் சுழலும் ஒரு காரணம். அதனால் நாடுகளை ஒப்பிடும்போது கருவி எண்ணிக்கையோடு, கருவிக்கு எத்தனை கேம் விற்றது என்றும் பார்ப்பது நல்லது. டிஎஸ்ஸுக்கு உலகம் முழுக்க 94.8 கோடி கேம், கருவிக்கு ஆறு. அட்வான்ஸுக்கு நாலரைச் சொச்சம்.

அடுத்த சுற்றையும் ஒரு கை பார்த்துவிடலாம், ஏனென்றால் நாட்டு வித்தியாசம் அங்கே இன்னும் அப்பட்டம். டிஎஸ்ஸுக்கு அடுத்த கருவியான நிண்டெண்டோ 3டிஎஸ் 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுக்க விற்றது வெறும் 7.1 லட்சம். ஜூலை கடைசியில் விலையை 15,000 யென்னாக அறிவித்தார்கள், தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். இதற்கிடையே மான்ஸ்டர் ஹன்ட்டரை நிண்டெண்டோ தன் பக்கம் இழுத்துவிட்டது. 2011 டிசம்பர் 10 அன்று அது 3டிஎஸ்ஸுக்கு வந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 17 அன்று, பிஎஸ்பிக்கு அடுத்த கருவியான சோனியின் பிளேஸ்டேஷன் விட்டா. முதல் இரண்டு நாளில் 3.2 லட்சம். அடுத்த வாரம் 72 ஆயிரம். அதே வாரத்தில் 3டிஎஸ் 4.8 லட்சம். ஒரே நாடு, ஒரே கிறிஸ்துமஸ் வாரம், ஏழு மடங்கு வித்தியாசம். பிஎஸ்பியை ஜப்பானில் காப்பாற்றிய அதே விலங்குதான் விட்டாவைத் தின்றது.

மேற்கிலோ இரண்டு கருவிகளுமே ஸ்மார்ட்போனிடம் அடி வாங்கின. 3டிஎஸ் மொத்தம் 7.59 கோடி, அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 2.5 கோடி, ஜப்பானில். டிஎஸ்ஸோடு வைத்துப் பார்த்தால் ஜப்பானில் நாலில் ஒரு பங்கு குறைவு. ஜப்பானுக்கு வெளியே 12.1 கோடியிலிருந்து 5 கோடிக்கு இறக்கம். ஐரோப்பாவின் அந்த நாற்பது வயதுப் பெண்மணி இப்போது ஃபோனில் ஆடிக்கொண்டிருந்தார்.

விட்டாவின் நாடுவாரிக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள். 2012-13 நிதியாண்டிலிருந்து சோனி விட்டாவையும் பிஎஸ்பியையும் கலந்து ஒரே எண்ணாகத்தான் சொன்னது. அந்த வருடம் இரண்டும் சேர்ந்து 1.6 கோடி விற்கும் என்று ஆரம்பித்து, மூன்று முறை குறைத்து, 70 லட்சத்தில் வந்து நின்றார்கள். நன்றாக விற்கும் பொருளின் கணக்கை யாரும் இன்னொன்றோடு கலந்து சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் பள்ளி. பிஎஸ்பி விளையாட்டுகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. எந்த ஊர்க் கருவியிலும் எந்த ஊர் கேமும் ஓடும். அதனால் அது எல்லை தாண்டி ஓடியது. ஐரோப்பாவில் வெளியாகும் முன்பே ஹாங்காங்கிலிருந்து பிஎஸ்பி அனுப்பிக்கொண்டிருந்த லிக்-சாங் என்ற கடையைச் சோனி வழக்குப் போட்டு 2006 அக்டோபரில் மூட வைத்தது. அந்தக் கடை விற்ற பிஎஸ்பி எல்லாம் ஐரோப்பியர் கையில் இருந்தன, ஆனால் ஆசியக் கணக்கில் ஏறின. சீனாவில் 2000இலிருந்து கன்சோல் விற்பனைக்கு அப்போது தடை இருந்தது. நிண்டெண்டோ ஐக்யூ என்ற கூட்டு நிறுவனத்தின் பெயரில் டிஎஸ்ஸை விற்றது, சந்தையிலோ ஹாங்காங் வழியாக வந்த கருவிகள் குவிந்து கிடந்தன.

நம் ஊரிலும் இதே வழிதான். சோனிக்கு இந்தியா முழுக்கத் தொலைக்காட்சி விற்கும் கடைகள் இருந்தன, பிஎஸ்பியை அங்கேயே வைத்தது. நிண்டெண்டோவுக்கு இங்கே சொந்தக் கிளை இருந்ததில்லை. டிஎஸ் வேண்டுமென்றால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும், அப்புறம் கேமுக்கு மறுபடி அவரையே நம்பியிருக்க வேண்டும். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் தேடினால் பிஎஸ்பி கிடைக்கும், அதிலேயே பாட்டும் படமும் ஓடும், கடைக்காரரே மெமரி ஸ்டிக்கை நிரப்பிக் கொடுப்பார். பையனுக்கு எது சரிப்படும் என்று சொல்லவா வேண்டும்?

பழைய பிஎஸ்பி இன்னும் வீட்டில் கிடந்தால் பின்பக்கம் திருப்பி மாடல் எண்ணைப் பாருங்கள். கடைசி இலக்கம் 0 என்றால் ஜப்பான், 1 வட அமெரிக்கா, 3 பிரிட்டன், 4 ஐரோப்பா, 6 ஹாங்காங், சிங்கப்பூர் பக்கம். 2008இல் சென்னையில் நான் ரொக்கம் கொடுத்து வாங்கியதில் 6 என்று இருக்கிறது.